பிரெய்ல் கோப்பில் பத்தியும் பட்டியலும்: வேர்ட் கோப்பு முதல் அச்சுத்தாள் வரை முழுமையான வழிகாட்டி

கணினியில் பிரெய்ல் தயாரிக்கப் புதிதாக வருபவர்கள் எழுத்துமாற்றத்தை, அதாவது அச்செழுத்தைப் பிரெய்லாக்குவதை, நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். அந்த வேலையை மென்பொருள் பெரும்பாலும் சரியாகவே செய்துவிடுகிறது. தாள் கெடுவது வேறு இடத்தில்: பத்தி எங்கே தொடங்குகிறது, பட்டியலின் அடுத்த எண் எங்கே இருக்கிறது என்று விரல் தேடி அலையும் இடத்தில்.

கண்ணால் படிப்பவருக்கு எழுத்தின் தடிமன், நிறம், கட்டம் எனப் பல துணைகள் உண்டு. விரலால் படிப்பவருக்கு இருப்பவை இரண்டே: வரி எந்தச் செல்லில் (ஆறு புள்ளிகளுக்கான ஓர் இடத்தில்) தொடங்குகிறது, எங்கே வெற்று வரி விடப்பட்டிருக்கிறது. வடிவமைப்பு முழுவதும் இந்த இரண்டைக் கொண்டுதான். ஆகவே ஒவ்வொரு வெற்றுச் செல்லுக்கும் வெற்று வரிக்கும் ஒரு பொருள் இருந்தாக வேண்டும்.

கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு படியும் முந்தைய படி முடிந்திருப்பதை நம்பியே நிற்கிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

திருத்தக்கூடிய மூலக்கோப்பு வேண்டும். வேர்ட் கோப்பானால் நல்லது. பி.டி.எஃப். மட்டும்தான் இருக்கிறது என்றால், தட்டச்சு செய்தவரிடம் மூலத்தைக் கேட்டு வாங்க ஒரு நாள் செலவானாலும் பரவாயில்லை. தமிழ் பி.டி.எஃபிலிருந்து நகலெடுக்கும் எழுத்துகளில் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடப்பது வழக்கம்; அதைத் திருத்த அதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

மென்பொருளில் டக்ஸ்பரி விலை கொடுத்து வாங்க வேண்டியது. வியட்நாமில் உருவான ஸாவ் மாய் பிரெய்ல் இலவசம். அது லிப்லூயி என்ற திறமூல எழுத்துமாற்றியைக் கொண்டு இயங்குகிறது. லிப்லூயியில் தமிழுக்கான எழுத்துமாற்ற அட்டவணை இருக்கிறது. எதை வைத்திருந்தாலும் இங்கே சொல்லும் ஒழுங்கு பொருந்தும். மெனுவின் பெயர்கள்தான் மாறும்.

பிரெய்ல் வாசிக்கத் தெரிந்த ஒருவர் மெய்ப்புப் பார்க்க வேண்டும். இதற்கு மாற்று கிடையாது. அவருடைய நேரத்தை வேலை தொடங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

2. பக்க அளவை முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரு வரிக்கு எத்தனை செல், ஒரு பக்கத்துக்கு எத்தனை வரி என்பது தெரியாமல் வடிவமைப்பைத் தொடங்கக் கூடாது. பிரெய்லில் ஒரு செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் இடையே சுமார் 6 மி.மீ., ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே சுமார் 10 மி.மீ. தேவைப்படுகிறது. ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. கட்டுவதற்கான ஓரத்தை விட்டால் ஒரு வரியில் 30 செல் தாராளமாக நிற்கும். உயரம் 297 மி.மீ.; 27 வரி வரும்.

இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் மென்பொருள்களில் வரும் ஆயத்த வார்ப்புருக்களில் பல, வட அமெரிக்க பிரெய்ல் ஆணையத்தின் விதிகளைப் பின்பற்றுபவை. அங்கே வழக்கமான தாள் 11.5 அங்குல அகலமும் 11 அங்குல உயரமும் கொண்டது. வரிக்கு 40 செல், பக்கத்துக்கு 25 வரி. 40 செல் வரியில் இயல்பாக அமரும் உள்தள்ளல் 30 செல் வரியில் நெருக்கடியாகிவிடும். தமிழில் அந்த நெருக்கடி இன்னும் கூடும். காரணத்தை 6ஆம் பகுதியில் விரிவாகப் பார்க்கலாம்.

மென்பொருளில் வைத்த அளவும் எம்பாஸரில் (பிரெய்ல் அச்சுப்பொறியில்) வைத்த அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். மென்பொருளில் 32, எம்பாஸரில் 30 என்று இருந்தால், நிறைந்த ஒவ்வொரு வரியின் கடைசி இரண்டு செல்களும் வெட்டுப்படும் அல்லது அடுத்த வரியில் தனியே விழும். புதியவர்கள் இதை எழுத்துமாற்றப் பிழை என்று நினைத்து மூலக்கோப்பில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

3. எழுத்து ஒருங்குறிதானா (யூனிகோட்) என்று பாருங்கள்

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சான கோப்புகள் இன்றும் வருகின்றன. திரையில் அவை தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளின் குறியீடுகள். மென்பொருள் அவற்றை ஆங்கிலமாகவே எடுத்துக்கொண்டு பொருளற்ற பிரெய்லைத் தரும். ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே நின்றால் ஒருங்குறி. இல்லையென்றால் என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற ஒரு மாற்றியால் முதலில் மாற்றிவிடுங்கள்.

ஒருங்குறிக் கோப்பிலும் சில பிழைகள் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும். 'ஔ' வர வேண்டிய இடத்தில் 'ஒ'வும் 'ள'வும் அடுத்தடுத்து இருக்கும். காலுக்குப் பதிலாக 'ர' இருக்கும். அச்சில் பார்ப்பவர் கடந்துபோய்விடுவார். பிரெய்லில் அவை வேறு எழுத்துகள், சொல்லே மாறிவிடும். திரைவாசிப்பானை இயக்கி ஒரு பக்கத்தைக் காதால் கேட்டால் இவை உடனே பிடிபடும்.

4. அச்சுக்காகச் செய்த அலங்காரத்தைக் களையுங்கள்

வேர்டில் மறைகுறிகளைக் காட்டும் பொத்தானை அழுத்துங்கள். பத்தி முடிவு, தாவல், இடைவெளி எல்லாம் வெளிப்படும். இவற்றைப் பார்க்காமல் சுத்தம் செய்வது இருட்டில் பெருக்குவது போலத்தான்.

பத்திகளுக்கு இடையே என்டர் தட்டி விட்ட வெற்று வரிகளை நீக்குங்கள். தேடி மாற்றும் பெட்டியில் 'ஸ்பெஷல்' பொத்தானைத் திறந்து, பத்திக் குறியை இரண்டு முறை தேடி ஒரு முறையாக மாற்றினால் போதும்; மாற்ற ஒன்றும் இல்லை என்று வரும்வரை திரும்பச் செய்யுங்கள். பத்தித் தொடக்கத்தில் இடைவெளிப் பட்டையைத் தட்டிச் செய்த உள்தள்ளலையும் எடுத்துவிடுங்கள். பல மென்பொருள்கள் அந்த இடைவெளிகளை அப்படியே செல்களாகக் கடத்தும். ஸ்டைல் தரும் உள்தள்ளலோடு அவையும் சேர்ந்துகொண்டு பத்தி ஐந்தாவது செல்லிலோ எட்டாவது செல்லிலோ தொடங்கும்.

ஷிஃப்ட்டோடு என்டர் தட்டி உடைத்த வரிகளில் மட்டும் நிதானம் வேண்டும். உரைநடையில் அவை பெரும்பாலும் வேண்டாதவை, இடைவெளியாக மாற்றலாம். செய்யுளில் அதே குறிதான் அடியைப் பிரிக்கிறது. கோப்பு முழுவதற்கும் ஒரே கட்டளையாக மாற்றினால், குறள் வெண்பாவின் இரண்டு அடியும் ஒட்டிக்கொண்டு உரைநடையாகிவிடும். முதலில் செய்யுள் பகுதிகளுக்குத் தனி ஸ்டைல் இட்டு ஒதுக்கிவிட்டு, மற்றதில் கை வையுங்கள்.

உரைப்பெட்டிகளில் இருக்கும் வாசகத்தை வெளியே எடுத்து வரிசையில் சேருங்கள். பெட்டிக்குள் இருப்பதை மென்பொருள் விட்டுவிடலாம். அல்லது பக்கத்தின் கடைசியில் கொண்டுபோய்ப் போடலாம்.

5. பத்தி: மூன்றில் தொடங்கி ஒன்றுக்குத் திரும்புவது

பிரெய்ல் பத்தியின் முதல் வரி 3ஆவது செல்லில் தொடங்கும். தொடர்வரிகள் 1ஆவது செல்லுக்கு வரும். இதைச் சுருக்கமாக 3-1 என்பார்கள். இரண்டு பத்திகளுக்கு நடுவே வெற்று வரி கிடையாது.

அச்சில் பத்திக்கு நடுவே இடம் விட்டிருக்கிறதே, இங்கும் விட்டால் என்ன என்று எல்லோருமே கேட்கிறார்கள். இரண்டு காரணம் உண்டு. ஒரு பக்கத்தில் 27 வரிதான். ஆறு பத்தி இருந்தால் ஐந்து வரி வீணாகும், ஏற்கெனவே பருமனான புத்தகம் இன்னும் பருக்கும். அதைவிட முக்கியமானது, வெற்று வரி என்பது பட்டியல் தொடங்கும் இடம், முடியும் இடம், தலைப்பு வரும் இடம் ஆகியவற்றைச் சொல்லும் அடையாளம். எல்லாப் பத்திக்கும் அதைக் கொடுத்துவிட்டால், தேவையான இடத்தில் அது எதையும் சொல்லாது.

இந்த வடிவத்தை எப்போதும் ஸ்டைல் மூலமாகவே கொடுங்கள். வேர்டில் உரைநடைக்கு 'நார்மல்' அல்லது 'பாடி டெக்ஸ்ட்', தலைப்புக்கு 'ஹெடிங்', பட்டியலுக்கு 'லிஸ்ட்' என்று ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய பெயரைச் சூட்டுங்கள். மென்பொருள் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் தன்னுடைய பிரெய்ல் ஸ்டைலைப் பொருத்துகிறது. தடித்த எழுத்தில் நடுவில் போட்ட வரி, ஹெடிங் ஸ்டைல் இடப்படாத வரை, மென்பொருளுக்கு வெறும் பத்திதான்.

ஒரு பத்தியின் நடுவே பட்டியல் வந்து, அதன்பின் "ஆகியவை இதில் அடங்கும்" என்று வாக்கியம் தொடர்கிறதா? அந்த வரியை 1ஆவது செல்லில் தொடங்குங்கள். 3இல் தொடங்கினால் புதிய பத்தி என்று வாசகர் நினைப்பார், வாக்கியம் அறுந்துபோகும்.

6. பட்டியல்: அதிக கவனம் கேட்கும் இடம்

எளிய பட்டியலின் வடிவம் 1-3. ஒவ்வோர் உருப்படியும் 1ஆவது செல்லில் தொடங்கும். ஒரே வரியில் முடியாதபோது தொடர்வரி 3ஆவது செல்லுக்கு உள்ளே போகும். பத்தியின் நேர் எதிர். வாசகர் இடது கையை ஓரமாகக் கீழே இறக்கிக்கொண்டே வந்தால், எண்கள் மட்டும் ஓரத்தில் விரலில் படும். ஐந்தாவது உருப்படி வேண்டுமென்றால் நான்கையும் படிக்காமல் நேரே போய்விடலாம். பட்டியலுக்கு முன்னும் பின்னும் ஒரு வெற்று வரி. உருப்படிகளுக்கு இடையே வெற்று வரி இல்லை.

புதியவர்கள் பட்டியலையும் பத்தி ஸ்டைலிலேயே விட்டுவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். அப்போது எண்கள் 3ஆவது செல்லுக்குள் ஒளிந்துகொள்ள, தொடர்வரிகள் ஓரத்துக்கு வந்துவிடும். ஓரமாக இறங்கும் விரலுக்கு ஓர் எண்கூடக் கிடைக்காது.

உட்பட்டியல் வரும்போது விதி சற்று மாறும். எல்லா நிலைகளின் தொடர்வரியும் ஒரே செல்லில் இருக்க வேண்டும். அந்தச் செல், மிக ஆழமான நிலை தொடங்கும் செல்லைவிட இரண்டு உள்ளே. இரண்டு நிலை என்றால் முதல் நிலை 1-5, இரண்டாம் நிலை 3-5. மூன்று நிலை என்றால் 1-7, 3-7, 5-7. முதல் நிலையை மட்டும் பழையபடி 1-3 என்று விட்டால், அதன் தொடர்வரியும் இரண்டாம் நிலையின் தொடக்கமும் ஒரே 3ஆவது செல்லில் வந்து நிற்கும். எது தொடர்ச்சி, எது புதிய உருப்படி என்று விரலுக்குத் தெரிய வழியில்லை.

இனி தமிழின் சிக்கலுக்கு வருவோம். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்லில் உயிர்மெய்க்கு மெய்க்கு ஒன்று, உயிருக்கு ஒன்று என இரண்டு செல். க, ச போன்ற அகர உயிர்மெய்க்கு மட்டும் ஒரு செல். மெய்யெழுத்துக்கு முன்னால் புள்ளிக்காக ஒரு செல் வருவதால் அதற்கும் இரண்டு. 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். அச்சில் 13 எழுத்து. பிரெய்லில் 24 செல். 30 செல் வரியில் தொடர்வரி 7இல் தொடங்கினால் மீதி இருப்பது சரியாக 24. அந்தச் சொல்லுக்குப் பின் ஒரு காற்புள்ளி வந்தாலும் இடம் போதாது. நான்காம் நிலை சேர்த்துத் தொடர்வரி 9க்குப் போனால் அந்தச் சொல்லே வரிக்குள் அடங்காது. மென்பொருள் கண்ட இடத்தில் அதை உடைக்கும்.

ஆகவே 30 செல் தாளில் தமிழுக்கு இரண்டு நிலைக்கு மேல் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மூலத்தில் மூன்றாம் நிலை இருந்தால், முதல் நிலை உருப்படியைச் சிறு தலைப்பாக்கி, கீழே உள்ளதை இரண்டு நிலைப் பட்டியலாக்குங்கள். ஆசிரியரிடம் சொல்லிவிட்டுச் செய்வது முறை, பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

வினாத்தாளில் வரும் ஒரு கேள்வியை அருகில் வைத்துப் பார்ப்போம்: "3. மேட்டூர் அணை எந்த ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டுள்ளது?" கேள்வி 1-5, விடைத் தெரிவுகள் 3-5. முதல் வரியில் "3. மேட்டூர் அணை எந்த ஆற்றின்" என்பது 29 செல் எடுக்கிறது. அடுத்த வரி 5ஆவது செல்லில் "குறுக்கே" என்று தொடங்கி, "கட்டப்பட்டுள்ளது" முடிந்து, கேள்விக்குறி மிகச் சரியாக 30ஆவது செல்லில் நிற்கிறது. இதையே 1-7 என்று வைத்திருந்தால் "கட்டப்பட்டுள்ளது" மூன்றாவது வரிக்குப் போயிருக்கும். தேவைக்கு மேல் கொடுக்கும் இரண்டு செல்லுக்கு நூறு கேள்வித் தாளில் எத்தனை பக்கம் கூடும் என்று நினைத்துப் பாருங்கள்.

அச்சில் நான்கு தெரிவுகளையும் தாவல் தட்டி ஒரே வரியில் போட்டிருப்பார்கள். பிரெய்லில் ஒவ்வொன்றும் தனி வரியில், 3ஆவது செல்லில் தொடங்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க விரல் மேலும் கீழும் போக வேண்டியவை அவை. ஒரே வரியில் நெருக்கினால் எது எங்கே முடிகிறது என்று மறுபடி மறுபடி தடவ வேண்டியிருக்கும். தேர்வில் அந்த நேரம் மாணவருடையது.

உருப்படியின் முன் வரும் கறுப்பு வட்டப்புள்ளியை நீக்கிவிடுங்கள். ஆங்கில பிரெய்லில் அதற்கான குறி 4-5-6 ஆகிய புள்ளிகள், அடுத்து 2-5-6 (செல்லின் இடப்பக்கப் புள்ளிகள் மேலிருந்து 1, 2, 3; வலப்பக்கம் 4, 5, 6). தமிழில் 4-5-6 என்பது 'ள', 2-5-6 முற்றுப்புள்ளி. ஒவ்வோர் உருப்படியும் 'ள.' என்று தொடங்குவதாக வாசகர் படிப்பார். அட்டவணையில் அந்தக் குறி வரையறுக்கப்படவில்லை என்றால் லிப்லூயி அதைப் பதினறும எண்ணாக எழுதி வைக்கும். 1-3 வடிவமே பட்டியல் என்று சொல்லிவிடுவதால் வட்டப்புள்ளி போனால் நட்டமில்லை.

வேர்டின் தானியங்கி எண்கள் எழுத்தாகக் கோப்பில் இருப்பவை அல்ல. சில மென்பொருள் அவற்றை எடுத்துக்கொள்ளும். நகலெடுத்து ஒட்டும்போது சிலசமயம் மறைந்துவிடும். எழுத்துமாற்றம் முடிந்ததும் முதல் எண்ணும் கடைசி எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் எண்களைக் கையால் தட்டி, பட்டியல் ஸ்டைலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் உருப்படிக்குள்ளேயே இரண்டாவது பத்தி இருந்தால், அதைத் தொடர்வரியின் நிலையிலிருந்து இரண்டு செல் உள்ளே தொடங்குங்கள். 1-3 பட்டியலில் அது 5-3 ஆகும்.

7. எண்ணும் எழுத்தும் ஒட்டும் இடங்கள்

பிரெய்லில் எண்களுக்குத் தனி வடிவம் இல்லை. எண்குறி போட்டு, அதன்பின் ஆங்கிலத்தின் முதல் பத்து எழுத்துகளின் வடிவங்களை எழுதுகிறோம். தமிழில் 'அ' என்பதும் 1 என்பதும் ஒரே புள்ளி. 'இ' என்பதும் 9 என்பதும் ஒரே வடிவம், 2-4. 'ஏ' என்பதும் 5 என்பதும் ஒன்றே. 'ச' என்பதும் 3 என்பதும் அப்படியே.

'1அ' என்று உட்கேள்விக்கு எண் கொடுத்திருந்தால் அது 11 என்று படிக்கப்படும். '5இல்' என்பது 59இல் போய் முடியும். '3.இ' என்பது 3.9 போலத் தெரியும். சில அட்டவணைகள் இடையே பிரிப்புக் குறி இடலாம். அதை நம்பியிருக்காமல் மூலத்திலேயே திருத்திவிடுங்கள். '5-இல்' என்று சிறுகோடு போடுங்கள். பட்டியல் எண்ணின் புள்ளிக்குப் பின் கட்டாயம் ஓர் இடைவெளி விடுங்கள். '1அ, 1ஆ' என்பதை உட்பட்டியலாக்கி, எண்ணை மேல் நிலையிலும் எழுத்தைக் கீழ் நிலையிலும் பிரித்து வையுங்கள்.

எண்குறியின் வடிவம் 3-4-5-6. 'ண' எழுத்தும் அதுவே. தமிழ்ச்சொல் 'ண'வில் தொடங்குவதில்லை என்பதால் சொல்லின் முதலில் குழப்பமில்லை. ஒரு சொல்லின் நடுவே இலக்கத்தை ஒட்டி எழுதும்போதுதான் தடுமாற்றம் வரும். அங்கும் சிறுகோடு போட்டால் தீர்ந்தது.

8. தலைப்புகள்

மூன்று நிலை போதும். முதல் நிலைத் தலைப்பு நடுவில். மேலும் கீழும் வெற்று வரி. இரண்டாம் நிலை 5ஆவது செல்லில், அதன் தொடர்வரியும் 5இல். மூன்றாம் நிலை 7இல் அவ்வாறே. இந்த இரண்டுக்கும் மேலே மட்டும் வெற்று வரி. பக்கத்தின் கடைசி வரியில் தலைப்பு தனியே நிற்கக் கூடாது. அடுத்த பத்தியின் ஒரு வரியாவது அதே பக்கத்தில் இருக்க வேண்டும்.

9. எழுத்துமாற்றம் செய்த பின் திருத்தும் முறை

மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுத்த பிறகே மாற்றத்தைத் தொடங்குங்கள். வந்த பிரெய்லில் முதலில் இடது ஓரத்தை மட்டும் மேலிருந்து கீழாகப் பாருங்கள். சொற்களைப் படிக்க வேண்டாம். ஒவ்வொரு வரியும் 1, 3, 5, 7 ஆகிய செல்களில் ஒன்றில் தொடங்க வேண்டும். நடுத்தலைப்பு மட்டும் விலக்கு. 2இல் அல்லது 4இல் ஒரு வரி தொடங்கினால், மூலத்தில் எங்கோ ஓர் இடைவெளி எஞ்சியிருக்கிறது என்று பொருள்.

டக்ஸ்பரியில் குறியீடுகளைக் காட்டும் பார்வையைத் திறந்தால் எந்த ஸ்டைல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது தெரியும். பட்டியல் ஸ்டைல் மூடப்படாமல் அடுத்த பத்திக்குள் நீள்வது அங்கேதான் பிடிபடும்.

பிழை கண்ட இடத்தில் பிரெய்லிலேயே திருத்திவிடத் தோன்றும். அதைத் தவிருங்கள். மூலத்தில் திருத்தி மறுபடி எழுத்துமாற்றம் செய்யுங்கள். எம்பாஸருக்கு அனுப்பும் பி.ஆர்.எஃப். கோப்பில் வரிகள் ஏற்கெனவே வெட்டப்பட்டு நிலையாகிவிட்டன. ஒரு சொல் கூடினால் அடுத்த வரிக்குத் தானாக வழியாது. நீங்கள் கையால் நகர்த்த நகர்த்த, பக்க எண்வரை எல்லாம் பிசகும்.

வரிமுனையில் உடைந்த சொற்களையும் பாருங்கள். மெய்யின் புள்ளிச் செல் ஒரு வரியிலும் அதன் எழுத்து அடுத்த வரியிலும் இருந்தால், அந்த எழுத்தைப் படிக்கவே முடியாது. உடைத்தே ஆக வேண்டிய நீண்ட கூட்டுச்சொல்லாக இருந்தால், மூலத்தில் சொற்கள் இணையும் இடத்தில் நீங்களே பிரித்துக் கொடுங்கள்.

10. சோதனை அச்சு

முழுக் கோப்பையும் அனுப்பும் முன் மூன்று பக்கம் மட்டும் அச்சிடுங்கள். பத்தி, இரண்டு நிலைப் பட்டியல், தலைப்பு மூன்றும் அவற்றில் வரும்படி தேர்ந்தெடுங்கள். இரட்டைப் பக்க அச்சு என்றால் தாளின் பின்பக்கத்தையும் தடவிப் பாருங்கள். கட்டும் ஓரம் அங்கே எதிர்ப்புறம் வரும்.

மெய்ப்புப் பார்ப்பவரிடம் "சரியாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். "நான்காம் கேள்வியின் இரண்டாம் தெரிவைக் காட்டுங்கள்" என்று கேட்டு, விரல் போகும் வழியைக் கவனியுங்கள். ஓரமாக இறங்கி நேரே போய்ச் சேர்ந்தால் வடிவம் சரி. நடுவில் நின்று வரிகளைப் படித்துப் பார்த்துத் தேடினால், எந்த வரியில் நின்றார் என்று குறித்துக்கொண்டு 6ஆம் பகுதிக்குத் திரும்புங்கள்.

முடிந்ததும் மூலக்கோப்பு, எழுத்துமாற்றிய கோப்பு, பி.ஆர்.எஃப். மூன்றையும் ஒரே கோப்புறையில் சேமியுங்கள். கோப்பின் பெயரிலேயே செல், வரி எண்ணிக்கையைச் சேர்த்துவிடுங்கள். 'அறிவியல் 30-27' என்பதுபோல. வேறொரு பள்ளி வேறு அளவுத் தாளில் அதே புத்தகத்தைக் கேட்டு வரும்போது, மூலத்தைத் திறந்து அளவை மாற்றி மறுபடி எழுத்துமாற்றம் செய்தால் போதும்.